பியோவிடம் யார் சொல்வது?

உ

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
20.04.1998

அன்புள்ள பேரன் யோகலிங்கத்துக்கு அம்மம்மா சிவக்கொழுந்து எழுதுவது.

உன் கடிதம் வந்த அன்று வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். உன் அம்மா அன்னலட்சுமி. சாய்மனைக் கதிரையில் உன் அப்பா அருளம்பலம். சுளகு கேட்டு வந்து, சுளகை வாங்கிய பிறகும் போகாமல் நின்ற பக்கத்து வீட்டுக் கோணேஸ்வரி. கடிதம் கொண்டுவந்த தபால்காரர் ஸஹாப்தீன். உறைக்குள் படம் இருக்கிறதென்று தெரிந்ததும் சைக்கிளைப் பூட்டிவிட்டு அவரும் உள்ளே வந்துவிட்டார். ஐந்து பேர். ஆறாவது ஆள் இல்லை.

இங்கே எல்லோரும் இரண்டு காலில் நிற்கிறோம், அருளம்பலத்தைத் தவிர. அவர் வழக்கம்போல் இருக்கிறார். நீயும் அங்கே குளிரில் நின்றுகொண்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ அந்த உயரமான மனிதரோடு நிற்கிற படத்தைக் கோணேஸ்வரிதான் முதலில் பறித்தாள்.

"இது ஆர், சீனாக்காரனோ?"

"கொரியாக்காரன். பின்னால எழுதிக் கிடக்கு, பாரன்" என்றாள் உன் அம்மா.

"கையில என்னத்தைப் போட்டிருக்கிறான்? தலகணியோ?"

"அது பந்து பிடிக்கிற கிளவுஸ், அக்கா" என்றார் ஸஹாப்தீன். "பேஸ்போல் எண்டு சொல்றது. எங்கட எல்லே மாதிரித்தான்."

எல்லே எனக்குத் தெரியும். வருசத்துக்கு வருசம் கோட்டைக்கு முன்னால் நேவிக்காரர் விளையாடுகிறார்கள். அதில் பந்து போடுகிறவன் அடிக்கிறவனின் பக்கத்து ஆள். அடிக்க வசதியாகத்தான் போடுவான். உன் கொரியாக்காரனோ அடிக்க விடாமல் போடுகிறானாம். அது சரி, எதிரி என்றால் அப்படித்தான். ஆனால் ஒன்று விளங்கவில்லை. இரண்டு மணித்தியாலம் வேலிக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்துவிட்டு, கடைசிப் பத்து நிமிடம் வந்து விளையாடுவான் என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பெயர் உத்தியோகமா? அப்படியென்றால் உன் அப்பாவையும் கூப்பிடு.

அந்த விளையாட்டுக்காரருடைய உடுப்புத் தோய்க்கிற வேலை உனக்குக் கிடைத்தது நல்லது. வெள்ளை உடுப்புக்குக் கொஞ்சம் நீலம் போடு.

நீ நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று கேட்டு முடிக்கிறேன்.

அம்மம்மா

தம்பி, அம்மம்மா தாளை முடித்துவிட்டுத்தான் எனக்குத் தந்தா. தலைக்கு எண்ணெய் வை. குளிர் என்று குளிக்காமல் விடாதே. அந்தப் பிள்ளைக்கும் சோறு கொடு, படத்தில் கன்னம் ஒட்டியிருக்கிறது. — அம்மா


கனடா
10.05.1998

அன்புள்ள அம்மம்மாவுக்கு,

நான் நிற்கிறேன், நடக்கிறேன், சமைத்துச் சாப்பிடுகிறேன். உங்கள் எல்லோருடைய உடம்பும் அப்படியே இருக்க வேண்டும். இந்த ஊரின் பெயரை எழுதவில்லை. உங்கள் வாயில் அது வராது, என் வாயிலேயே இன்னும் சரியாக வரவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். முதலில் போடுகிறவர் களைத்துவிடுவார், அல்லது ஆட்டத்தைக் கெடுத்துவிடுவார். அந்த நேரம் பியோ அண்ணனைக் கூப்பிடுவார்கள். மற்றவன் விட்ட பிழையை மூடி, ஆட்டத்தைக் காப்பாற்றிக் கொடுப்பது அவர் வேலை. அவருடைய முழுப்பெயர் பியோ ஜுன்மோ. நாங்கள் வாடகைக்கு இருக்கிற கிழவியின் வீட்டில் மேல் அறையில் அவர், கீழ் அறையில் நான். அவருக்கும் எனக்கும் ஒரே நூறு இங்கிலீஷ் சொல் தெரியும், அதனால் நன்றாக ஒத்துப்போகிறது.

ஊர் பூசான். அதுவும் துறைமுகம்தான். அங்கே ஒன்பது வருடம் விளையாடிப் பெரிய பெயர் எடுத்தவர். பிறகு ஜப்பானுக்குப் போனார். இரண்டு வருடமும் இரண்டாவது அணியில் உட்காரவைத்துவிட்டார்கள். இப்போது இங்கே. எங்களுடையது சின்ன அணி. இதற்கு மேலே பெரிய அணி இருக்கிறது. உலகமே பார்க்கிறது அதைத்தான். ஓகஸ்ட் முடியும் மட்டும் இப்படியே போட்டால், செப்டெம்பர் முதலாம் தேதி மேலே கூப்பிடுவார்கள். அந்த ஒரு கூப்பாட்டுக்காகத்தான் மூன்று நாடு அலைந்திருக்கிறார். வயது முப்பத்துமூன்று. அடுத்த செப்டெம்பர் என்று ஒன்று அவருக்கு இல்லை.

ஒரு விசயம் உங்களுக்குப் பிடிக்கும். வேலிக்குள் ஒரு ரெலிபோன் இருக்கிறது. அது அடித்தால் இவர் எழும்பி முப்பது பந்து போட்டுக் கையைச் சூடாக்குவார். பிறகு "வேண்டாம், இரு" என்பார்கள். ஒரே ஆட்டத்தில் மூன்று தடவை கூட அப்படி நடக்கும். அந்தப் பந்துகள் எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. கைக்கு மட்டும் தெரியும்.

ஞாயிறு தவறாமல் அம்மாவோடு ரெலிபோனில் கதைப்பார். அவ பூசான் சந்தையில் கருவாடு விற்கிறவ. முதல் கேள்வி சாப்பிட்டாயா என்பதுதானாம். நான் பொரித்த நெத்தலியை அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "அம்மா, சந்தை" என்றார்.

என் அகதி வழக்கு ஒக்டோபர் 14க்குத் தள்ளிப் போய்விட்டது. அது முடியும் மட்டும் நாட்டை விட்டு நகர ஏலாது. அம்மாவிடம் எண்ணெய் வைக்கிறேன் என்று சொல்லுங்கள்.

எல்லோரையும் நினைத்துக்கொண்டிருக்கும்,
யோகன்


உ

திருகோணமலை
08.06.1998

அன்புள்ள யோகலிங்கத்துக்கு,

நாங்கள் உண்டு, உறங்கி, எழும்பியிருக்கிறோம். உன்னுடைய உடம்பைப் பற்றி நீ எழுதியதை நான் முழுதாக நம்பவில்லை, ஆனாலும் சந்தோசம்.

சூடாக்கிவிட்டு இருத்துகிற கதையைப் படித்தேன். இரண்டாம் தரம் கோணேஸ்வரியைக் கொண்டு வாசிப்பித்தும் கேட்டேன். உன் அம்மப்பா முருகேசுவுக்கு அதே உத்தியோகம்தான். டொக்யாட்டில் இழுவைக் கப்பலுக்கு நெருப்புப் போடுகிறவர். கப்பல் வருகுது என்றால் நெருப்பை ஏற்றிக்கொண்டு நிற்க வேண்டும். 1949 மார்கழியில் ஒரு நாள், விடியத் தொடங்கிப் பொழுதுபடும் மட்டும் நெருப்பை ஏற்றிக்கொண்டு நின்றார். கப்பல் வரவில்லை. வெள்ளைக்காரத் துரை புத்தகத்தில் "இன்று வேலை இல்லை" என்று எழுதினான். வேலை இல்லையாம்! மனுசன் வீட்டுக்கு வந்து சோறு பிசைய ஏலாமல் இருந்தார், நான்தான் ஊட்டிவிட்டேன். அந்தத் துரைக்குச் சிவப்புத் தலைமயிர், இடது காதில் ஒரு வெட்டு. எங்கே செத்தானோ, எப்படிச் செத்தானோ.

ஆகையால் பியோ தம்பியிடம் சொல்: புத்தகத்தில் ஏறாத பந்தைத் திருகோணமலையில் ஒரு கிழவி எண்ணுகிறாள் என்று.

செப்டெம்பருக்காகப் பத்திரகாளி கோயிலில் நேர்த்தி வைத்திருக்கிறேன். அம்மாளுக்குப் பேஸ்போல் தெரியாது, நான் விளங்கப்படுத்தியிருக்கிறேன்.

போன கிழமை நான், உன் அப்பா, அம்மா மூவரும் கொழும்புக்கு ஓர் அலுவலாகப் போய்வந்தோம். போக விடச் சொல்லி ஆமியிடம் பாஸ் எடுக்கவே மூன்று நாள். அலுவல் பெரிதாக ஒன்றுமில்லை.

அம்மா இந்த முறை எழுதவில்லை. இடியப்பம் பிழிகிறாள், கையெல்லாம் மா. சுகமாக இருக்கிறாளாம், எழுதச் சொன்னாள்.

நீ நன்றாக இரு.

அம்மம்மா


கனடா
05.07.1998

அன்புள்ள அம்மம்மாவுக்கு,

நான் சுகம். அங்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

ஒரு விசயத்தை எழுத வேண்டும். போன சனிக்கிழமைக்கு முதல் சனி, ஜூன் 27, பியோ அண்ணன் மைதானத்தில். வீட்டில் ரெலிபோன் அடித்தது, நான் எடுத்தேன். பூசானில் இருந்து அவருடைய மூத்த அண்ணன். அவருக்கு இங்கிலீஷ் எங்களை விடக் குறைவு. அம்மாவுக்கு நெஞ்சில் வருத்தம், ஆஸ்பத்திரியில் இருக்கிறா, திரும்பி வீட்டுக்கு வரமாட்டா. இவ்வளவையும் பத்துச் சொல்லில் சொன்னார். பிறகு, "ஜுன்மோவுக்குச் சொல்லாதே. செப்டெம்பர். அம்மா சொன்னது" என்றார். மகன் மேலே ஏறும் மட்டும் தெரியக்கூடாது என்று அந்த அம்மாவே கட்டளை போட்டிருக்கிறா. ஏதாவது அவசரம் என்றால் வீட்டில் எடுக்கிறவன் நான் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் "ஓகே" என்றேன். மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் "ஓகே".

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பியோ அண்ணன் எடுத்தால் அண்ணன்காரர்தான் கதைக்கிறார். ஒரு கிழமை அம்மா கோயிலுக்குப் போய்விட்டா, மறுகிழமை சித்தி வீட்டுக்கு. இவர் நம்புகிறார். என்னிடம் வந்து, "என்ர அம்மா இப்ப பிஸி" என்று சிரிக்கிறார்.

அதற்குப் பிறகு நான்கு ஆட்டத்தில் கூப்பிட்டார்கள். ஒருவனையும் அடிக்க விடவில்லை. நான் வாயைத் திறந்தால் அது அத்தனையும் உடையும். செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள்.

கொழும்பில் என்ன அலுவல்? எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

அன்புடன்,
யோகன்


உ

திருகோணமலை
28.07.1998

யோகலிங்கத்துக்கு,

சுகம் விசாரிக்கிறதை இன்று பின்னுக்கு வைக்கிறேன்.

நான் சரியென்று சொல்வேன் என்று எந்தக் கணக்கில் எழுதினாய்? என் மகன், உன் மாமா வீரசிங்கம் எப்படிச் செத்தான் என்று உனக்குத் தெரியும். நான் எப்படி அறிந்தேன் என்று தெரியாது. உனக்கு அப்போது பதினான்கு வயது, உன்னை மூதூரில் விட்டிருந்தார்கள். கேள்.

1986 ஆவணி. எனக்குக் கண்ணில் வெண்படலம் எடுத்து, இரண்டு கண்ணையும் கட்டிப் போட்டிருந்தார்கள். தலையை அசைக்கக்கூடாது, இருமக்கூடாது, அழக்கூடாது. அழுதால் தையல் விட்டுப்போகும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் சல்லி ஊர்க் கடலில் வைத்து வீரசிங்கத்தைச் சுட்டார்கள். உடல் வீட்டுக்கு வந்தது. என்னுடைய மச்சாள் புஷ்பவதிதான் முடிவெடுத்தவள்: "மச்சாளுக்குச் சொல்லக்கூடாது. கண் போயிரும்." எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

கொண்டுபோய் எரித்துவிட்டு, பின்னேரம் என் கட்டிலைச் சுற்றி வந்திருந்தார்கள். பன்னிரண்டு நாள். புஷ்பவதி இடியப்பம் கொண்டுவந்து பகிடி சொன்னாள். நான் சிரித்தேன், யோகன். தலையை அசைக்காமல் சிரித்தேன். வீரசிங்கம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். "கடலில நல்ல மீன் பிடிபடுது, மச்சாள், வர நேரமில்லை" என்றாள். உன் அம்மாவுக்குக் குரல் அடைத்திருந்தது. என்னடி என்றேன். "தடிமன், அம்மா" என்றாள்.

கட்டு அவிழ்த்தார்கள். கண் பளிச்சென்று தெரிந்தது. அந்தக் கண்ணால் நான் பார்க்க வேண்டியிருந்த ஒரு முகத்தை எரித்துவிட்டு, கண்ணைக் காப்பாற்றித் தந்திருக்கிறார்கள். இன்றைக்கும் ஊசியில் நூல் கோர்க்கிறேன். என்னத்துக்கு?

அந்தத் தாய் சொன்னாளாம், அண்ணன் சொன்னானாம், நீ ஓகேயாம். பியோ தம்பியின் கண்ணைக் கட்டிவிட்டுச் சுற்றியிருந்து பகிடி விடுகிறீர்கள். இந்தக் கடிதம் கையில் கிடைக்கிற அன்றே சொல். நாளைக்கு என்று வைக்காதே.

கொழும்பு அலுவலைக் கேட்டிருந்தாய். உன் அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடி மாற்ற. அம்மா படுத்து எழும்பினதும் உனக்கு எழுதுவாள்.

எல்லோரும் இருக்கிறோம். நீயும் இரு.

சிவக்கொழுந்து


கனடா
16.08.1998

அன்புள்ள அம்மம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. இன்றைக்கு ஞாயிறு. இன்னும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பெரிய அணியில் இருந்து ஒரு மனிதர் வந்திருந்தார். பின் வரிசையில் தனியே இருந்து, பியோ அண்ணன் போட்ட ஒவ்வொரு பந்துக்கும் எழுதினார். ஆட்டம் முடிந்து பியோ அண்ணனின் தோளைத் தட்டினார். வீட்டுக்கு வரும் வழியில் பியோ அண்ணன் பாட்டுப் பாடினார். இதுவரை அவர் பாடி நான் கேட்டதில்லை. இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கிறது, அம்மம்மா. நீங்கள் அந்தப் பாட்டைக் கேட்டிருந்தால் உங்களுக்கும் வாய் வந்திராது.

இன்று காலையும் அவர் ரெலிபோன் எடுத்தார். அம்மா குளிக்கப் போய்விட்டாவாம். நான் என் அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு மூக்குக்கண்ணாடிக்கு மூன்று பேர் கொழும்புக்குப் போனீர்களா? கோணேஸ்வரி மாமியின் மகன் ரொறன்ரோவில் இருந்து கதைத்தான். "உன்ர அம்மா நல்லா மெலிஞ்சிட்டாவாம்" என்றான். அம்மாவை எனக்கு இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அவவின் கையெழுத்தில்.

யோகன்


உ

திருகோணமலை
02.09.1998

அன்புள்ள யோகலிங்கத்துக்கு,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. சொன்னாயா, சொல்லவில்லையா? இதற்குள் நீ சொல்லியிருந்தால் இந்த வரியை விட்டுவிட்டு வாசி. சொல்லவில்லையென்றால் வாசிப்பதை நிறுத்திவிட்டு மேல் அறைக்குப் போ.

கடலுக்குப் போகிற நேரத்தை நேவி மறுபடி குறைத்துவிட்டது. மீன் இல்லை. நாங்கள் இருக்கிறோம்.

அம்மம்மா

தம்பி, நான் சுகம். பேனை சரியில்லை, அதுதான் எழுத்துக் கோணல். மெலிவு நல்லதுதானே, இப்ப பழைய சட்டையெல்லாம் அளவாக இருக்கிறது. வழக்கு முடியட்டும். நீ அதை மட்டும் நினை. — அம்மா


கனடா
06.09.1998

அன்புள்ள அம்மம்மாவுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நான் சொல்லிவிட்டேன்.

ஓகஸ்ட் 23, ஞாயிறு. பியோ அண்ணன் ரெலிபோனைக் கையில் எடுத்து இலக்கம் அமத்தத் தொடங்கினார். நான் போய் வயரைப் பிடித்துக்கொண்டேன். அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

"அம்மா கோயிலில் இல்லை" என்றேன். "ஆஸ்பத்திரி."

அவர் கையில் ரெலிபோன் கூவிக்கொண்டிருந்தது.

"எப்ப தெரியும்?"

"ஜூன்."

"ஜூன்" என்று ஒரு தரம் தானும் சொன்னார். அடிப்பார் என்று நினைத்தேன். ரெலிபோனை வைத்துவிட்டு மேலே போய் உடுப்பு அடுக்கினார். நான் தோய்த்து மடித்து வைத்திருந்த அணி உடுப்பைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். பயிற்சியாளர் வந்து வாசலில் நின்று கத்தினார். எட்டு நாள், வெறும் எட்டு நாள் என்றார். பியோ அண்ணன் அவருக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார். 

31ஆம் தேதி பின்னேரம் பெரிய அணியில் இருந்து கூப்பிட்டார்கள். வீட்டுக்காரக் கிழவிதான் எடுத்தவ. ஆள் இல்லை என்றா. அவர்கள் வேறு ஒருவனை எடுத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வயது.

நேற்று பியோ அண்ணன் பூசானில் இருந்து கதைத்தார். அவரைக் கண்டதும் அம்மா, "செப்டெம்பர் வந்துவிட்டதா?" என்று கேட்டாவாம். இல்லை என்றதும் கோபத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாவாம். கொஞ்ச நேரத்தால் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே, "சாப்பிட்டாயா?" என்றாவாம். பிறகு அவர் கையால்தான் கஞ்சி குடித்தா. ஒன்பது நாள். வியாழக்கிழமை முடிந்துவிட்டது.

நன்றியும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. "ஒன்பது நாள்" என்று இரண்டு தரம் சொன்னார். அவ்வளவுதான்.

ஒன்பது நாளுக்காக ஒரு மனிதனின் பதினொரு வருடத்தை உடைத்துவிட்டேன். நீங்கள் சொல்லித்தான் செய்தேன். செய்தது சரிதானா, அம்மம்மா?

யோகன்


உ

திருகோணமலை
22.09.1998

யோகலிங்கத்துக்கு,

இதைக் கோணேஸ்வரியின் மருமகன் கையில் கொடுத்துவிடுகிறேன். அவன் நாளை கொழும்புக்குப் போய் விமானம் ஏறுகிறான்.

நீ கேட்டதற்கு முதலில் பதில். பெரிய அணிக்கு வேறு ஆள் கிடைத்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்தத் தாயின் கட்டிலுக்குப் பக்கத்தில் வேறு ஆளைக் கூப்பிட ஏலுமோ? செய்தது சரி.

இப்போது என்னுடையது. கதிரையில் இருந்து வாசி.

அன்னலட்சுமிக்கு வயிற்றில் கட்டி. ஆனி மாதம் கொழும்புக்குப் போனது அதற்குத்தான். வெட்ட ஏலாது, காலம் கடந்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். திரும்பி வந்த அன்றே அவள் என்னைப் பத்திரகாளி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கற்பூரத்தில் கை வைக்கச் சொன்னாள். "அவன்ர வழக்கு முடியும் மட்டும் சொல்லக்கூடாது, அம்மா. கேள்விப்பட்டா எல்லாத்தையும் விட்டிட்டு வந்திருவான். இஞ்ச வந்தா அவனைப் பிடிப்பாங்கள்" என்றாள். வைத்தேன். உன் அப்பாவும் வைத்தார். கோணேஸ்வரிக்குத் தெரியும். ஸஹாப்தீனுக்குத் தெரியும். கடிதம் தருகிறபோது என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

வீரசிங்கத்தின் கதையை உனக்கு எழுதினேனே, அன்று அவள் உள்ளே படுத்திருந்தாள். எழுதியதை வாசிக்கச் சொன்னாள், வாசித்தேன். "நல்லா எழுதியிருக்கிறீங்கள், அம்மா" என்றாள். "கடைசியில மூக்குக்கண்ணாடி எண்டு போடுங்கோ" என்றாள். போட்டேன். எந்தக் கை புஷ்பவதியின் பொய்யை எழுதியதோ அதே கைதான்.

உன் கடிதம் வந்து, அந்தக் கிழவி சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாயா என்று கேட்டதைப் படித்த பிறகு அடையாள அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். ஜவாஹிரின் கொமினிகேஷன் கடைக்குப் போய் உன் இலக்கத்தைக் கொடுத்தேன். மூன்று நாள், மூன்று தரம். உன் வீட்டுக்காரக் கிழவி எடுத்து ஏதோ கேட்கிறாள். நான் "யோகன், யோகன்" என்கிறேன். அவள் ஏதோ சொல்கிறாள். நான் "யோகன்" என்கிறேன். வைத்துவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

சத்தியத்தை உடைக்கிறேன். பத்திரகாளி அம்மாள் என்னைக் கேட்கட்டும். எனக்கும் அவளிடம் கேட்க இருக்கிறது.

ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு அன்னலட்சுமியை ஓட்டோவில் ஜவாஹிரின் கடைக்குக் கொண்டுவருவேன். ஒவ்வொரு ஞாயிறும். இலக்கம் பின்பக்கத்தில்.

சிவக்கொழுந்து


கனடா
05.10.1998

அம்மம்மாவுக்கு,

நேற்றைக்கு அம்மாவின் குரலைக் கேட்டேன். உங்களுக்குத் தெரியும், பக்கத்தில்தானே நின்றீர்கள். பத்தொன்பது நிமிடம். முதல் இரண்டு நிமிடம் அவ உங்களைத்தான் ஏசினா. "இந்தக் கிழவியை நம்பினன் பார்" என்றா. பிறகு என்ன சமைத்தாய் என்று கேட்டா. பருப்பு என்றேன். பருப்புக்குள் உள்ளி போட்டாயா என்று கேட்டா. நான் மூக்கை உறிஞ்சினேன். "தடிமனோ?" என்றா. இல்லை, அழுகிறேன் என்று சொன்னேன். "சரி, அழு, நான் வைக்கேல்லை" என்றா.

நான் வர ஏலாது. வந்தால் வழக்கைக் கைவிட்டதாக எழுதிவிடுவார்கள். பிறகு இங்கே வாசல் இல்லை. அங்கே வாசலில் யார் நிற்பார்கள் என்று அம்மா சொன்னது சரி. பியோ அண்ணனுக்குப் பாஸ்போட் இருந்தது. அவரைத் தாயிடம் அனுப்பிவிட்டு நான் இங்கே ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அவர் நேற்று இரவு கதைத்தார். அடுத்த மாசியில் தாய்வானில் ஓர் அணிக்குப் போகிறார். அங்கேயும் கடைசியில் வந்து போடுகிற வேலைதான். அம்மாவைப் பற்றிச் சொன்னேன்.  "உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார். "இப்பதான்" என்றேன். "அவர்களுக்கு?" என்றார். "ஜூன்" என்றேன். நான் சொன்ன அதே ஜூன்.

ஆனியில் இருந்து நேற்று வரைக்கும் எத்தனை ஞாயிறு என்று நான் எண்ணவில்லை. எண்ணத் தொடங்கினால் உங்களுக்கு எழுத மாட்டேன்.

ஞாயிறு எடுக்கிறேன்.

யோகன்


உ

திருகோணமலை
20.11.1998

அன்புள்ள பேரன் யோகலிங்கத்துக்கு,

இந்த வீட்டில் மீதி இருக்கிறவர்கள் சாப்பிடுகிறோம், படுக்கிறோம். உனக்குச் சாப்பாடு இறங்குகிறதா என்று எழுது.

அன்னலட்சுமி போன கதை உனக்குத் தெரியும். ஆனாலும் எழுத்தில் இருக்க வேண்டும். நவம்பர் 10, செவ்வாய், காலை ஏழு மணி. பால் கொண்டுபோனேன். இரண்டு மிடறு குடித்தாள். "போதும், ஆறிப்போச்சு" என்றாள். ஆறவில்லை, பால் சுடச்சுடத்தான் இருந்தது. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

அருளம்பலம் கதிரையை விட்டு எழும்பி வந்து கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். அந்த மனுசனை இருபத்தெட்டு வருடம் ஏசியிருக்கிறேன். அன்று ஏசவில்லை.

உனக்கு நான்தான் சொல்ல வேண்டும், வேறு ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்று வீட்டில் இருந்தவர்களுக்குச் சொல்லிவிட்டு ஜவாஹிரின் கடைக்குப் போனேன். சந்தியில் ஆமிக்காரன் மறித்தான், அடையாள அட்டை கேட்டான். சேலைத் தலைப்பில் முடிந்திருந்ததை அவிழ்த்துக் காட்டினேன். கடையில் ஜவாஹிரின் மகள் லைலா இருந்தாள். முன்னமே அவளிடம் கேட்டு இரண்டு இங்கிலீஷ் சொல் பழகி வைத்திருந்தேன். உன் வீட்டுக்காரக் கிழவி எடுத்தாள். "யோகன். மதர். டெட்" என்றேன். மூன்று தரம் சொன்னேன். இந்த முறை அவள் வைக்கவில்லை. உன்னை எழுப்பிக்கொண்டு வந்தாள். லைலா என்னுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நல்ல பிள்ளை.

வழக்கு உன் பக்கம் தீர்ந்ததை அன்னலட்சுமி அறிந்துதான் போனாள். ஆறு ஞாயிறு அவள் உன்னோடு கதைத்தாள். ஆறாவது ஞாயிறு ஓட்டோவில் இருந்து இறக்க ஏலாமல், ஜவாஹிர் ரெலிபோன் வயரை இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம், "இன்னும் கொஞ்சம் கதைச்சிருக்கலாம்" என்றாள்.  நான்கு மாதம் வாயைக் கட்டிவிட்டு, இப்போது கொஞ்சம் கதைத்திருக்கலாமாம்.

பியோ தம்பி அனுப்பிய அட்டை கிடைத்தது. கொரியா எழுத்து, எங்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. ஸஹாப்தீன் அதைத் தருகிறபோது என் முகத்தைப் பார்த்துத் தந்தார். தாய்வானுக்குப் போன பிறகு எத்தனை தரம் கையைச் சூடாக்கிவிட்டு இருத்துகிறார்கள் என்று அவனை உனக்கு எழுதச் சொல். நீ எனக்கு எழுது.

நீ ஜூனில் இருந்து வாயைப் பொத்தியிருந்ததை விட்டுவிட்டேன். நீ பிந்தியென்றாலும் வயரைப் பிடித்தாய். பூசான் அண்ணன்காரனையும் விட்டுவிட்டேன்; தாய் சொல்லைத் தட்டாதவன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த அந்தத் தாயையும் விட்டுவிட்டேன். அவள் வேறு வீட்டுப் பெண், அவளைக் கேட்க நான் யார்?

ஆனால் நான் பெற்றவளை நான் கேட்பேன். மகனைக் காப்பாற்றப் போகிறேன் என்று, அவனுக்கு வர வேண்டிய ஞாயிறுகளைத் தானே தின்றுவிட்டுப் போனவள். அன்று "தடிமன், அம்மா" என்று தன் வாயால் எனக்குச் செய்ததையே என் கையால் உனக்குச் செய்வித்தவள். எட்டாம் நாள், எட்டுச் செலவுப் படையலுக்கு அவளுக்குப் பிடித்த எல்லாம் சமைத்தேன், உள்ளி போட்ட பருப்பும் வைத்தேன், விளக்கையும் ஏற்றினேன். ஏற்றிவிட்டுப் படத்துக்கு முன்னால் நின்று முகத்துக்கு நேரே சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன். நான் மன்னிக்காத ஆள் ஒருத்திதான்.

அன்னலட்சுமி.